ஏழாவது டேக்

5 ஜூன் 2023, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. பதிலுக்கு ஆடியோ கம்பெனியிலிருந்து தீபக் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும், பேச்சில் மட்டும் கம்பெனியே அவருடையது. ரோஸ்லின் தேவசகாயத்தின் சிறந்த பாடல்களைத் தொகுத்து 'ரோஸ்லின் 14' என்று வெளியிடப் போகிறார்களாம். இணையத்திலும் வரும், பழைய மாதிரி கறுப்பு ரெக்கார்டாகவும் வரும்.

சினிமாவில் ஒரு வரிகூடப் பாடாமல் தமிழ் பாப்பில் பேர் வாங்கியவள் ரோஸ்லின். தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றொன்பதுவரை மூன்று கேசட். கல்லூரி ஆண்டுவிழா எங்கும் அவள் பாட்டுத்தான். மூன்றாவது கேசட் வெளிவந்த கையோடு பாடுவதையே விட்டுவிட்டாள். அந்தக் கேசட்டை சாலிகிராமத்தில் பதிவு செய்தவன் நான். அதனால்தான் பழைய டேப்புகளைத் தூக்கிக்கொண்டு என் மாடி அறைக்கு வந்திருக்கிறார்கள். கல்யாண வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவனுக்கு இது பெரிய வேலை.

பாட்டு மட்டும் போதாதாம். எல்லா டேக்கும் வேண்டும், நடுவில் பேசுவது, சிரிப்பது எல்லாம் வேண்டும். ரசிகர்களுக்கு இப்போது அதுதான் பிடிக்கிறதாம்.

பட்டியலில் முதல் பாட்டு 'இறங்க மாட்டேன்'. அதைப் பார்த்ததும் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன்.

6 ஜூன், செவ்வாய்

கோமதிக்கு ஒரே சந்தோஷம். "ரேடியோவுல வந்தா நிறுத்துவீங்க, கல்யாண வீட்டுல பாடினா வெளிய போயிடுவீங்க. இப்ப அதையே உக்காந்து கேக்கணும், மாட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறேன்.

1999 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. அந்தப் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். ரோஸ்லினை அழைத்துப்போக வந்துகொண்டிருந்த அவள் அண்ணன் ஜெரோமை லாரி இடித்துவிட்டது. அவர் சட்டைப் பையில் ஸ்டூடியோ நம்பர் இருந்ததால் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குப் போன் செய்தார்கள். நினைவு இருக்கிறது, தங்கையைக் கேட்கிறார், சீக்கிரம் அனுப்புங்கள் என்றார்கள். இசையமைப்பாளர் மௌலி சார், டேக் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். முடிந்து சொன்னோம். அவள் போய்ச் சேர்வதற்குள் ஜெரோம் போய்விட்டார்.

பெரிய மனிதர் சொன்னால் இருபத்தேழு வயது ஆள் என்ன செய்ய முடியும்? மௌலி சாரும் போய் நாலு வருஷமாகிறது.

8 ஜூன், வியாழன்

பழைய டேப்புகள் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போயிருக்கின்றன. அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து வந்துவிடும். ஐம்பது டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் உலர்த்தினால் ஓரிரு தடவை ஓடும். கோமதி மோர்மிளகாய் போட வாங்கிய மின் உலர்த்தியை எடுத்துக்கொண்டேன். டேப்பெல்லாம் மிளகாய் வாசனை. உலர்த்தியெல்லாம் டேப் வாசனை. கோமதி நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

9 ஜூன், வெள்ளி

பன்னிரண்டு பாட்டு முடிந்தது. நன்றாகத்தான் பாடியிருக்கிறாள். ஸ்டூடியோவில் எல்லோரையும் அண்ணா என்பாள். ஒரு டேப்பில், "கருணாண்ணா, டீ வந்துச்சா?" என்று கேட்கிறாள். தீபக்குக்கு அனுப்பினேன். இதய பொம்மை நாலு அனுப்பினார்.

'இறங்க மாட்டேன்' டேப் பெட்டிக்குள் அன்றைய குறிப்புத் தாள் இருந்தது. என் பென்சில் எழுத்து. டேக் எண், ஆரம்பித்த நேரம். அப்போதெல்லாம் நிமிடம் பிசகாமல் எழுதுவேன். அது என் முதல் தனி வேலை. உதவியாளனாக ஏழு வருஷம் கேபிள் சுருட்டியவன். கேசட் அட்டையில் 'ஒலிப்பதிவு: கருணாகரன்' என்று வரப்போகிறது என்று ஊருக்குக் கடிதமே போட்டிருந்தேன். கடைசியில் டேப்பை மிக்ஸிங்குக்கு பம்பாய் அனுப்பினார்கள், அங்கே இருந்தவர் பெயரை மட்டும் அச்சடித்தார்கள். எனக்கு ஒரு கேசட்கூட அனுப்பவில்லை.

12 ஜூன், திங்கள்

'இறங்க மாட்டேன்' டேப்பை ஓட்டினேன். நாலாம் டேக்குக்கும் ஐந்தாம் டேக்குக்கும் நடுவே கொஞ்சம் இரைச்சல். வெட்டிவிடலாம். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

13 ஜூன், செவ்வாய்

இரைச்சல் இல்லை. நேற்று பொய் எழுதினேன். என் டைரியில் நானே பொய் எழுதுகிற நிலைமை வந்துவிட்டது.

டேக் எண்ணைச் சொல்லும்போது ஒரு பொத்தானை அழுத்துவோம். அது அழுந்தியிருக்கும்வரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் பேசுவது டேப்பில் பதியும். பாடுகிறவர் காதுக்குப் போகாது; அவரிடம் பேச வேறு பொத்தான், அதில் பேசுவதும் டேப்பில் பதியும். அன்று "டேக் அஞ்சு" என்று சொன்ன கணத்தில் போன் விளக்கு மினுக்கியது. பதிவு அறைப் போனுக்கு மணி கிடையாது, விளக்குத்தான். எடுத்தேன். பொத்தான் மேலே வராமல் சிக்கிக்கொண்டது. டேப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

என் குரல்: "எந்த ஆஸ்பத்திரி? ... பேசுறாரா? ... சரிங்க, சொல்றேங்க."

பிறகு: "சார், ரோஸ்லின் அண்ணனுக்கு ஆக்சிடென்ட்டாம். ரொம்ப மோசமாம். அவளைக் கேக்கிறாராம்."

மௌலி சார் குரல்: "அய்யோ. கதவைத் திற, கூப்பிடு அவளை."

என் குரல்: "சார், ஒரே ஒரு டேக் சார். இப்ப வெளிய விட்டா இன்னிக்குத் திரும்பி வர மாட்டா. அஞ்சு நிமிஷம்தானே."

டேக் முடியட்டும் என்று அவர் சொல்லவில்லை. சொன்னது நான். இருபத்துநாலு வருஷமாக அவர் தலையில் போட்டுவைத்திருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது அது பொய் என்று தெரிந்தே சொன்னேன். பத்தாவது தடவைக்குள் எனக்கே நிஜமாகிவிட்டது. மௌலி சார் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தபோதுகூட, இவர் அன்றைக்கு இப்படிச் செய்தவராயிற்றே என்று மனதில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது.

ஐந்து நிமிடம் என்றேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று நாலு டேக் ஓடியது. போன் வந்தது 3.32. அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னது 4.19. இப்போதுதான் போன் வந்தது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் டேப்பில் ஒன்று இருக்கிறது. அதை எழுதப் போவதில்லை.

வெட்டிவிட்டேன். கம்ப்யூட்டரில் நான் ஏற்றி வைத்திருக்கும் முழுப்பதிவில் இருக்கிறது, ரோஸ்லினும் தீபக்கும் கேட்கப்போகிற பிரதியில் இல்லை. டேப் இனி ஓடாது, பூச்சு முழுக்க உருளைகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பஞ்செல்லாம் பழுப்பாக வந்தது.

15 ஜூன், வியாழன்

இது இன்னும் மோசம்.

மாணவர்களுக்கு வகுப்பெடுத்த காலத்தில், 'இறங்க மாட்டேன்' பாட்டின் உயிரே எட்டாவது டேக்கில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்த நாற்பத்தேழு நிமிடத்தில் பாவம் இருந்தாலும் ஒரு பாட்டு கிடைத்ததே, தமிழ்நாடே பாடியதே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இன்று வேலைக்காக வெளியான பாட்டை முதல் தடவை முழுக்கக் கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது. எட்டாவது டேக்கில் சிரிப்பு இல்லை. ஏழில் இல்லை, ஆறில் இல்லை, ஐந்தில் இல்லை.

மூன்றாவது டேக்கில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், மயிரிழை பிசகவில்லை. பம்பாய்க்காரர் மூன்றாவது டேக்கை எடுத்திருக்கிறார். போன் வருவதற்கு முன்பே பாட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாட வைத்த எதையும் யாரும் பயன்படுத்தவில்லை.

சும்மா நிறுத்தி வைத்திருக்கிறேன் அவளை.

17 ஜூன், சனி

ரோஸ்லின் வந்தாள். நாற்பத்தாறு வயது. பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பருத்திப் புடவை, பாதி நரைத்த முடி. கோமதிக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். "கருணாண்ணா, முடியெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தொகுப்புக்கு அவள் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருக்கிறாள். 'இறங்க மாட்டேன்' டேப்பை ஒரு தடவை முழுக்கக் கேட்பாள். கேட்ட பிறகு அந்தப் பாட்டு இருக்கலாமா வேண்டாமா என்று சொல்வாள். ஏன் என்று தீபக்கிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

"அண்ணன் என்னைக் கேட்டுட்டே இருந்தானாம், நர்ஸ் சொன்னாங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும்ணா. அன்னிக்கு நாலு மணிக்கே முடிச்சிக்கலாம்னு மௌலி சார் சொன்ன மாதிரி ஞாபகம். நான்தான் பிடிவாதமா இன்னொரு டேக் கேட்டேனோன்னு ஒரு எண்ணம். முடிச்சிட்டு வெளிய வந்திருந்தா போன் வந்தப்ப நானே எடுத்திருப்பேன். இத்தனை வருஷமா இதுதான் ஓடிட்டிருக்கு."

போன் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்ன 4.19தான் தெரியும்.

வெட்டிய பிரதியைப் போட்டேன். ஆறாவது டேக் முடிந்தது. மௌலி சார், "போதும்மா, முடிச்சிக்கலாம்" என்கிறார். மனிதருக்குத் தாங்கவில்லை, அதனால் சொல்லியிருக்கிறார். உடனே ரோஸ்லினின் இருபத்திரண்டு வயதுக் குரல்: "சார், இன்னொண்ணு போலாம் சார், ப்ளீஸ். இந்த வாட்டி சரியா வரும்."

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நான்தான்" என்றாள். பிறகு, "இந்தப் பாட்டு வேண்டாம்ணா" என்றாள்.

பதிவை நிறுத்தினேன். கீழே கோமதி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

19 ஜூன், திங்கள்

தீபக் இரண்டு தடவை போன் செய்தார். அந்தப் பாட்டு இல்லாமல் தொகுப்பு வெளியிட்டால் ஊர் சிரிக்குமாம். எப்படியாவது அவளைச் சம்மதிக்க வையுங்கள் என்கிறார். பார்க்கிறேன் என்றேன்.

உண்மையில் நான் பார்க்க ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பாட்டு தொகுப்பில் வராது, டேப்பை யாரும் தேட மாட்டார்கள், மௌலி சாரும் இல்லை. எனக்கு நல்லதுதான்.

மாத்திரை வாங்கினேன். தண்ணீர் லாரி வந்தது.

20 ஜூன், செவ்வாய்

ரோஸ்லினிடமிருந்து வாட்ஸப்பில் நீளமாக ஒரு செய்தி. அன்றைக்கு ஆட்டோ பிடித்து என்னோடு ஆஸ்பத்திரிவரைக்கும் வந்தது நீங்கள்தான், அதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, ஒவ்வொரு ஆகஸ்ட் பதினாலும் அண்ணனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது உங்கள் பெயரையும் சொல்லித்தான் ஜெபம் பண்ணுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

இருபத்துநாலு வருஷம் அவள் ஜெபத்தில் என் பெயர் இருந்திருக்கிறது. படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீரை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று கோமதி கத்தினாள்.

21 ஜூன், புதன்

ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். நாளைக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போ, அன்று நீ முழுதாகக் கேட்கவில்லை என்றேன்.

22 ஜூன், வியாழன்

கோமதியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். ரோஸ்லின் பதினொரு மணிக்கு வந்தாள். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. வெட்டாத பதிவைப் போட்டேன். அவள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளவில்லை, அதனால் அறை முழுக்கக் கேட்டது.

13ஆம் தேதி எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். போனை வைத்துவிட்டு, மௌலி சாரிடம் அந்த ஐந்து நிமிடத்தை வாங்கிய பிறகு, உள்ளேயிருந்து ரோஸ்லின் மைக்கில் கேட்கிறாள்.

"கருணாண்ணா, எங்க அண்ணன் வந்துட்டானா?"

நான் அவள் காதுக்குப் போகிற பொத்தானை அழுத்திச் சொல்கிறேன். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"வந்துட்டே இருக்காரும்மா. நீ பாடு."

அவள் அழுவாள், திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். எதுவும் செய்யவில்லை. திரும்பப் போடச் சொன்னாள். மூன்று தடவை கேட்டாள். பிறகு அந்தக் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கி, நேரங்களின்மேல் விரல் வைத்து இறங்கிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது டேக் 3.36. ஆறாவது 3.49. ஏழாவது 4.07. எட்டாவது 4.14.

"அங்கேயிருந்து ஆட்டோல எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு நிமிஷம்."

"சர்டிபிகேட்ல நாலு பத்துன்னு போட்டிருந்தாங்க." விரல் ஏழிலேயே நின்றது. "அப்ப நான் இதைப் பாடிட்டிருந்தேன்."

ஆமாம் என்றேன். வெளியான பாட்டு மூன்றாவது டேக் என்பதையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அவள் முகம் மாறியது. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பாட்டை வைங்க. பழசு வேண்டாம், ஏழாவது டேக்கைப் போடுங்க. பாட்டுக்கு முன்னாடி நான் கேக்கிறதும் நீங்க சொல்றதும் வரணும். அந்த ரெண்டு வரி மட்டும் போதும், போன் பேசினது வேண்டாம். அட்டையில உங்க பேரு இருக்கணும். நான் தீபக்கிட்ட சொல்லிக்கிறேன்."

"எதுக்கும்மா?"

"அன்னிக்கு அதுக்குத்தானே நிறுத்தி வெச்சீங்க."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "சார், இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க ஒய்ஃப்கிட்டகூட. சொல்லிட்டா உங்களுக்கு லேசாயிடும்."

சார் என்று அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

27 ஜூன், செவ்வாய்

ஏழாவது டேக்கைச் சேர்த்து முடித்தேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் அவசரம் தெரிகிறது, கடைசிப் பல்லவியில் மூச்சு வாங்குகிறது. பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பெண்ணின் பாட்டுக்கு அதுவும் பொருத்தம்தான் என்பார்கள்.

தீபக் குதிக்கிறார். ஆல்பத்திலேயே அழகான இடம் அந்த இரண்டு வரிதான், பாச மழை, இதை வைத்தே விளம்பரம் பண்ணுகிறோம் என்றார். அட்டையின் மாதிரியை அனுப்பினார். ஏழாவது டேக், இதுவரை வெளிவராதது என்று போட்டு, அடியில் 'ஒலிப்பதிவு: கருணாகரன்' என்று இருக்கிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்றார். இல்லை என்று பதில் அனுப்பினேன்.

3 ஜூலை, திங்கள்

ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

8 ஜூலை, சனி

எடுக்கவில்லை. உலர்த்தியைக் கழுவிக் கோமதியிடம் கொடுத்தேன். வாசனை போகவில்லை, வேறு வாங்க வேண்டும் என்கிறாள்.

14 ஜூலை, வெள்ளி

இன்று வெளியானது. காலையிலிருந்து போன். பழைய ஸ்டூடியோ ஆட்கள், வகுப்பில் படித்தவர்கள், கோமதியின் தம்பி, எல்லோரும் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யாரோ அதை மட்டும் தனியாக வெட்டி, மழையில் ஒரு ஆள் குடையோடு தங்கைக்காகக் காத்திருக்கிற படத்தைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்களாம். லட்சம் பேர் பார்த்தாயிற்று என்று தீபக் செய்தி அனுப்பினார்.

கோமதி சமையல்கட்டில் போனைச் சாத்திவைத்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இது நீங்கதானே? அந்தப் பொண்ணுகிட்ட எவ்வளவு தன்மையா பேசியிருக்கீங்க. என்கிட்ட ஒருநாளாச்சும் இப்படிப் பேசியிருப்பீங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. இத்தனை வருஷம் மௌலி சாரைப் பற்றி அவளிடம் பொய் சொன்னவன், இந்த ஒரு நிஜத்தைச் சொல்லியிருந்தால் இன்றைக்காவது தூங்கியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"எப்பவும் நிறுத்திடுவீங்களே, நிறுத்தட்டுமா?"

"வேண்டாம்."

பாட்டு முடிந்தது. இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டாள்.

போடு என்றேன்.